உப்பு வெளிய போக வழி இருக்கா? ரெசின் தொட்டி கேள்வி பதில்

இந்த தடவ ராமநாதபுரம் கடலோரத்துல இருந்து வந்த கேள்விகள மட்டும் தனியா எடுத்து வச்சு பதில் சொல்றேன், ஏன்னா கோயமுத்தூருக்கும் ஓசூருக்கும் சொல்ற பதில இங்க அப்படியே சொன்னா செடி செத்துப் போயிரும். தண்ணி வேற, காத்து வேற, மண்ணு வேற. தொண்டில இருந்து சாயல்குடி வரைக்கும் ஏறக்குறைய எல்லாரும் ஒரே விஷயத்தத்தான் கேட்டிருக்கீங்க, கடையில அழகழகா ரெசின் தொட்டி (பிளாஸ்டிக், ஃபைபர் மாதிரி வகையில செஞ்சது) வந்திருக்கே, நம்பி வாங்கலாமா, வாங்கினா எப்படி வச்சுக்கறதுன்னு.

அக்கா, ஆன்லைன்ல ரெசின் தொட்டி வாங்கி மொட்டமாடில ரோஜாவும் முண்டு மிளகாயும் வச்சேன். வீட்டு போர் தண்ணிதான் ஊத்துறோம். மொதல்ல நல்லா வந்துச்சு, இப்ப இலை ஓரமெல்லாம் கருகுது. தண்ணி பத்தலையோன்னு இன்னும் ஊத்துனேன், மிளகாச் செடி அப்படியே தொவண்டு போச்சு. தொட்டி அடியில ஓட்டை இல்ல, அப்படித்தான் வருமாமே?
– கீழக்கரை வாசகி

ஆமா தங்கச்சி, நிறைய ரெசின் தொட்டி ஓட்டை போடாமத்தான் வருது. வீட்டுக்குள்ள ஹால்ல வைக்கிறவங்களுக்கு தரை நனையக்கூடாதுன்னு அப்படி செய்றாங்க. சிலதுல அடியில வட்டம் வட்டமா மெல்லிசா அடையாளம் மட்டும் இருக்கும், வெளிய வைக்கிறதா இருந்தா அத நாமளே திறந்துக்கணும். அத யாரும் சொல்லித் தர்றதில்ல, நாமளும் மண்ணப் போட்டு செடிய நட்டுர்றோம்.

உங்க செடிக்கு நடந்தது ரெண்டு விஷயம். ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்சது, அடியில தண்ணி தேங்கி வேருக்கு காத்து கிடைக்காம அழுகுறது. ரெண்டாவதுதான் நம்ம கடலோரத்துக்குன்னே உள்ளது, உப்பு. ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. போர் தண்ணி டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட அளவு, 1500னு வச்சுக்குவோம், அப்படின்னா ஒரு லிட்டர்ல ஒண்ணரை கிராம் உப்பு இருக்கு. தினம் ரெண்டு லிட்டர் ஊத்துனா 3 கிராம், ஒரு மாசத்துக்கு 90 கிராம். தண்ணிய செடி குடிக்குது, வெயில் குடிக்குது, ஆனா உப்ப வெயில் தூக்கிட்டுப் போகாது, செடியும் பெருசா எடுத்துக்காது. ஓட்டை இல்லாத தொட்டின்னா அந்த 90 கிராமும் அந்த மண்ணுக்குள்ளயேதான் கெடக்கும், அடுத்த மாசம் இன்னொரு 90. இலை ஓரம் கருகுறது இதனாலதான். மண்ணு ஈரமா இருக்கும், ஆனா உப்பு ஏறுன ஈரத்த வேரால உறிஞ்ச முடியாது, அதனால ஈரத்துல நின்னுக்கிட்டே செடி வாடும். நீங்க தாகம்னு நெனச்சு மறுபடி அதே தண்ணிய ஊத்துவீங்க, உப்பு இன்னும் ஏறும். ரோஜாவும் மிளகாயும் உப்பு தாங்காத ஜாதி வேற.

அதனால நம்ம ஊருக்கு நான் சொல்றது இதுதான், தொட்டி என்ன கலரு என்ன டிசைனுங்கறதெல்லாம் அப்புறம், உப்பு வெளிய போக வழி இருக்கான்னு மொதல்ல பாருங்க.

ஓட்டை போடறது பெரிய வேலை இல்ல, எலக்ட்ரீஷியன் தம்பி யாராவது வீட்டுக்கு வந்தா டிரில் மெஷின கேட்டு வாங்கி போட்டுரலாம். தொட்டிய காலி பண்ணிட்டு ஒரு சாக்கு மேல கவுத்து வைங்க. அடிப்பக்கத்த கையால தடவிப் பாருங்க, நிறைய தொட்டில நடுப்பகுதி உள்பக்கமா மேடா எழும்பி இருக்கும், சுத்தி ஓரத்துல வாய்க்கால் மாதிரி பள்ளம் இருக்கும். தண்ணி தேங்குறது அந்தப் பள்ளத்துலதான், ஆனா நம்ம ஆளுங்க சரியா நடு மேட்டுல ஒரே ஒரு ஓட்டைய போட்டுட்டு ஓட்டை போட்டாச்சே இன்னும் ஏன் தண்ணி நிக்குதுன்னு கேப்பாங்க. பள்ளத்துல போடுங்க. 12 இஞ்ச் தொட்டிக்கு 10 இல்லைன்னா 12 மில்லிமீட்டர்ல அஞ்சாறு ஓட்டை வேணும். ஓட்டை வர்ற இடத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு மொதல்ல 4 மில்லிமீட்டர் பிட்டால சின்னதா துளைச்சு அப்புறம் பெரிய பிட்டப் போடுங்க, மெதுவா ஓட்டுங்க, அழுத்தாதீங்க, செவுத்துக்கு போடற ஹேமர் மோடு கூடவே கூடாது, விரிசல் விட்டுரும். ஆணிய வச்சு சுத்தியலால அடிக்கறதும் வேண்டாம். கம்பிய பழுக்கக் காய்ச்சி சொருகுற பழக்கம் நம்மகிட்ட உண்டு, பிளாஸ்டிக் வகையில ஓட்டை விழும்தான், ஆனா அந்தப் புகை நெஞ்சுக்கு நல்லதில்ல, வீட்டுல சின்னப்புள்ளைங்க இருந்தா கண்டிப்பா செய்யாதீங்க. ஃபைபர் தொட்டியா இருந்தா மூக்குக்கு மாஸ்க் கட்டிக்கிட்டு துளைங்க, தூசி பொல்லாதது.

அப்புறம் அந்த மண்ணு. உப்ப கழுவணும்னா தொட்டி கொள்ளளவப் போல ரெண்டு மூணு மடங்கு நல்ல தண்ணி ஊத்தணும், குடம் கணக்குல காசு குடுத்து நல்ல தண்ணி வாங்குற ஊர்ல அத செய்யச் சொல்ல எனக்கு மனசு வரல. அந்த மண்ண எடுத்து மாடி ஓரத்துல ஓட்டைச் சாக்குல கட்டி வச்சிருங்க, ஐப்பசி மழை நல்லா நனைச்சு கழுவி விட்டதும் மறுபடி எடுத்துக்கலாம். இப்போதைக்கு புது மண்ணுல புது செடி வைங்க. முண்டு மிளகாய விட்டுராதீங்க, 2023ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம ஊர் மிளகாய், அது வீட்டு மாடில இருக்கறது ஒரு சந்தோஷம்.

கடைக்காரர் தொட்டி அடியில நாலு விரக்கடை ஜல்லி போட்டு அதுக்கு மேல மண்ணு போட்டாத்தான் தண்ணி வடியும்னு சொல்றாரு. எங்க அப்பத்தாவும் அப்படித்தான் போடும். சரிதானே?
– உச்சிப்புளி வாசகர்

இத சொன்னா பலபேருக்கு கோவம் வருது, ஆனாலும் சொல்லித்தான் ஆகணும், ஜல்லி போட்டா வடிகால் கூடாது, குறையும்.

நம்பிக்கை இல்லைன்னா பாத்திரம் கழுவுற பஞ்ச நல்லா தண்ணில முக்கி எடுத்து படுக்க வச்ச மாதிரி கையில பிடிங்க. சொட்டு சொட்டா வடிஞ்சு நின்னுரும். நின்ன பிறகு அதையே நெட்டுக்குத்தா நிமித்திப் பிடிங்க, மறுபடி தண்ணி கொட்டும். அதே பஞ்சு, அதே தண்ணி, உயரம் மட்டும்தான் கூடிருக்கு. மண்ணும் இதே மாதிரிதான் நடந்துக்கும். எந்தத் தொட்டியா இருந்தாலும் வடிஞ்சு முடிஞ்ச பிறகு மண்ணோட அடிப்பகுதில கொஞ்ச உயரத்துக்கு ஊறிப்போன ஈரம் தங்கி நிக்கும், அந்த உயரம் மண்ணோட தன்மையப் பொறுத்தது, தொட்டி உயரத்தப் பொறுத்தது இல்ல. நீங்க அடியில ஜல்லி போட்டா, பொடி மண்ணுல இருக்கற தண்ணி அந்த பெரிய இடுக்குக்குள்ள சட்டுனு இறங்காது, மேல மண்ணு முழுசா ஊறுன பிறகுதான் சொட்டும். அதனால ஊறுன பகுதி ஜல்லிக்கு மேல ஏறி வந்து உக்காந்துக்கும், வேருக்கு இன்னும் கிட்டக்க. நாலு விரக்கடை மண்ணும் போச்சு, தொட்டியும் கனம்.

அப்பத்தா போட்டது மண் தொட்டியில, அதோட சுவரே தண்ணிய உறிஞ்சி வெளிய விடும், அதனால அங்க பெருசா கெடுதல் தெரியல. ரெசின் சுவர் ஒரு சொட்டக்கூட விடாது. வெளிய போற ஒரே வழி அந்த ஓட்டைதான், அந்த ஓட்டை மேல ஒரு ஓட்டுச்சில்ல சாய்ச்சு வைங்க, இல்லைன்னா பழைய வலைத்துண்டு ஒண்ணு விரிச்சு விடுங்க, மண்ணு ஓடாம இருக்க அது போதும். கொசுவலை மாதிரி ரொம்ப நெருக்கமான வலை போட்டா நாளடைவுல வண்டல் அடைச்சுக்கும். இதுலயே இன்னொரு லாபமும் இருக்கு, தொட்டி வாங்கும்போது தட்டையா அகலமா இருக்கறத விட கொஞ்சம் உயரமானத வாங்குனா ஊறுன பகுதிக்கு மேல வேருக்கு நல்ல இடம் கிடைக்கும்.

ரெசின்னு சொல்லி கடையில காட்டுறது எல்லாமே ஒண்ணுதானா? வெலை மட்டும் மலைக்கும் மடுவுக்குமா இருக்கு.
– தொண்டி வாசகி

ஒண்ணு இல்லம்மா. ரெசின்ங்கற பேர்ல நாலு விதமான சாமான் விக்கறாங்க. மெல்லிசா இருக்கறது பாலிப்ராப்பிலீன், அச்சுல ஊத்தி எடுக்கறது, விலை கம்மி. அடுத்தது பாலிஎத்திலீன், சின்டெக்ஸ் டேங்க் செய்வாங்கல்ல அந்த முறையில சுழல விட்டு செய்றது, சுவர் கனமா நாலஞ்சு மில்லிமீட்டர் இருக்கும், வெளிய வைக்க எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். மூணாவது ஃபைபர் கிளாஸ், பார்க்க கிரானைட் மாதிரி பளபளன்னு பெரிய பெரிய சைஸ்ல வரும், உறுதியானது, ஆனா மேல்பூச்சு சுரண்டிப் போனா உள்ள இருக்கற நார் பிசிறு பிசிறா வெளிய வரும், கையில குத்தும். நாலாவது பாலிரெசின், கல்லுப்பொடியும் ரெசினும் கலந்து வார்த்தது, புத்தர் மொகம் யானை மொகம்னு வர்றதெல்லாம் அதிகமா இந்த வகைதான், கீழ விழுந்தா பீங்கான் மாதிரி ஒடையும்.

கடையில நின்னு பாக்க வேண்டியத சொல்றேன். விளிம்ப ரெண்டு விரலால அமுக்குங்க, பிளாஸ்டிக் வகை கொஞ்சம் வளைஞ்சு உடனே திரும்பணும், வெறப்பா நறுக்குனு இருந்தா ஏற்கனவே வெயில் தின்ன சரக்கு. சுவர ஒருதடவ விரலால தேய்ச்சுப் பாருங்க, சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா ஒட்டுனா அது கடை வாசல்லயே ரொம்ப நாளா வெயில்ல கெடந்தது, வேண்டாம். யூவி, அதாவது வெயிலோட புற ஊதாக் கதிர், தாங்குற சரக்கான்னு கேளுங்க, நம்ம வெயிலுக்கு யூவி மருந்து கலக்காத தொட்டி சீக்கிரம் பொரிஞ்சு கையோட வரும், தூக்கும்போது காது மட்டும் தனியா பிஞ்சு வந்துரும். அடியில முக்கோணத்துக்குள்ள நம்பர் இருக்கும், 5ன்னா பாலிப்ராப்பிலீன், 2ன்னா எச்டிபிஈங்கற பாலிஎத்திலீன் வகை. கீரை தக்காளி போடறவங்க இந்த ரெண்டுல எடுத்துக்கலாம், சாப்பாட்டு டப்பாவுக்கும் இதத்தான் பயன்படுத்துறாங்க.

உப்புக்காத்து ரெசின ஒண்ணும் செய்யாது, அதுதான் நம்ம ஊருக்கு இதோட பெரிய பலம். மண் தொட்டி உப்பு தண்ணிய உறிஞ்சி, அந்த உப்பு சுவருக்குள்ளயே பூத்து, தோலு தோலா உதிரும், கடலோரத்துல எல்லார் வீட்டுலயும் பாத்திருப்பீங்க. சிமெண்ட் தொட்டில உள்ள கம்பி துருப்பிடிச்சு வெடிக்கும். ஆனா ரெசின் தொட்டிய வாங்கிட்டு அத இரும்பு ஸ்டாண்டுல வச்சீங்கன்னா ஸ்டாண்டு மொதல்ல போயிரும், தரையில துருக்கறை வேற. கல்லு மேலயே வைங்க.

என் போர் தண்ணி டிடிஎஸ் மீட்டர்ல 1800 காட்டுது. செடிக்கு ஊத்தலாமா கூடாதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க.
– சாயல்குடி வாசகர்

கலந்து ஊத்துங்க தம்பி.

ஒரே வார்த்தைன்னு கேட்டீங்க, ஆனா காரணம் தெரிஞ்சாத்தான் கை பழகும். 450க்குள்ள இருந்தா எந்தச் செடிக்கும் பயமில்ல, 450ல இருந்து 2000 வரைக்கும் செடியப் பார்த்து பக்குவமா ஊத்தணும், 2000க்கு மேல போனா பெரும்பாலான செடிக்கு ஆகாது. இது வயலுக்குச் சொல்ற கணக்கு, தொட்டில மண்ணு கொஞ்சூண்டு இருக்கறதால நாம இன்னும் கறாரா இருக்கணும். காவிரி தண்ணியோ பிடிச்சு வச்ச மழைத்தண்ணியோ 300 இருக்குன்னு வைங்க, ஒரு பங்கு போர் தண்ணிக்கு ரெண்டு பங்கு அந்தத் தண்ணி கலந்தா 800க்கு வந்துரும். 800ல கத்தரி, தக்காளி தாங்கும். மிளகாய்க்கு இன்னும் குறைச்சா நல்லது. பீன்ஸ் வைக்காதீங்க, அதுக்கு உப்பே ஆகாது. காகிதப்பூ, அரளி, கத்தாழை, நித்தியகல்யாணி இதெல்லாம் போர் தண்ணிலயே சமாளிச்சுக்கும்.

இன்னொண்ணு, தினம் ஒரு டம்ளர் ஒரு டம்ளரா தெளிக்கற பழக்கத்த விடுங்க. அப்படித் தெளிச்சா தண்ணி அடிவரைக்கும் போகாது, உப்பு நடுவுல தங்கும். ஊத்துற அன்னைக்கு நிறைய ஊத்துங்க, ஊத்துனதுல அஞ்சுல ஒரு பங்காவது அடி ஓட்டை வழியா வெளிய வரணும். அந்த வடிஞ்ச தண்ணிய ஒரு கிண்ணத்துல பிடிச்சு உங்க மீட்டர அதுல வைங்க. உள்ள போனது 800, வெளிய வர்றது 1500, 2000ன்னு காட்டுதா, நல்லது, உப்பு வெளிய வருது. 4000, 5000ன்னு காட்டுனா மண்ணுக்குள்ள குமிஞ்சு கெடக்குன்னு அர்த்தம், அன்னைக்கு மட்டும் நல்ல தண்ணியா கூடுதலா ரெண்டு குடம் ஊத்தி விடுங்க. மீட்டர் வச்சிருக்கறவங்க இத செய்யாம இருக்கறது அந்த மீட்டருக்கே அநியாயம்.

தங்கச்சி, எங்க வீடு தென்கடல் பக்கம். ஆனி ஆடி காத்துல பிளாஸ்டிக் தொட்டியெல்லாம் உருண்டு போயிருது. மருமக புதுசா ரெசின் தொட்டி வாங்கப் போறேங்குது. நிக்குமா?
– பாம்பன், கடல்தொழில் செஞ்சு ஓய்வா இருக்கற ஒரு பெரியவர்

அண்ணே, ரெசின் எடை கம்மி, அதனால தானா நிக்காது, நாமதான் நிக்க வைக்கணும். கீழ குறுகி மேல விரியற கூஜா மாதிரி தொட்டிய வாங்க வேண்டாம்னு மருமககிட்ட சொல்லுங்க, சதுரமா அடியும் மேலயும் ஒரே அகலத்துல இருக்கறது, இல்லைன்னா நீளப்பெட்டி மாதிரி வர்றது நிக்கும். உள்ள கல்லப் போட்டு கனமாக்குனா வடிகால் கெட்டுப்போகும்னு மேல சொல்லிருக்கேன், அதனால வேற வழி. ஒரு பெரிய தொட்டிக்குள்ள கல்லு பரப்பி, அந்தக் கல்லு மேல செடி இருக்கற சின்னத் தொட்டிய இறக்கி வைங்க. கல்லோட கனம் காத்துக்கு, இடைவெளி வேருக்கு, வெயிலும் நேரா சுவர்ல படாது. வெளித்தொட்டிலயும் ஓட்டை இருக்கணும், மறந்துராதீங்க.

தொட்டிங்கள ஒண்ண ஒண்ணு ஒட்டி வச்சு காதோட காது சேர்த்து நைலான் கயித்தால ஒரு சுத்து சுத்திருங்க, முடிச்சு போடறதுக்கு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. கச்சான் காத்து வர்ற பக்கம் பனை ஓலைத் தட்டியோ பழைய வலைய ரெண்டு மடிப்பா மடிச்சோ கட்டி விடுங்க. காத்த முழுசா மறிக்கற தகரம் வேண்டாம், தகரத்து மேல ஏறுன காத்து மறுபக்கம் சுழண்டு இறங்கி செடிய இன்னும் போட்டு அலைக்கழிக்கும். காத்து பாதி நுழைஞ்சு பாதி தேயணும், அப்பத்தான் செடிக்கு சுகம். அப்புறம் காத்து ஓங்கி அடிச்ச மறுநாள் காலையில இலைய நாக்கால தொட்டா கரிக்கும், அது கடல்ல இருந்து வந்த உப்பு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி நல்ல தண்ணிய இலை மேல தெளிச்சு கழுவி விடச் சொல்லுங்க.

கருப்பு கலர் தொட்டி ரொம்ப அழகா இருக்கு, வாங்கட்டுமா?
– ராமநாதபுரம் டவுன் வாசகி

நிழல்ல வைக்கிறதா இருந்தா வாங்குங்க. மொட்டமாடி வெயிலுக்கு வேண்டாம்மா, கருப்பு சுவர் வெயில உறிஞ்சி மேற்கு பக்கத்து வேர வேகவச்சிரும். வெள்ளை, சந்தனம், வெளிர் சாம்பல் எடுங்க.

குண்டுமல்லிக்கு மண் தொட்டியா ரெசின் தொட்டியா? நாத்து எங்க ஊர்லயே நல்லா கிடைக்குது.
– தங்கச்சிமடம் வாசகி

உங்க ஊர்ல இருந்துதான் நாடு முழுக்க மல்லி நாத்து போகுது, அந்த மண்ணோட மகிமை அது, தண்ணி போட்டதும் சல்லுனு இறங்கிரும். மல்லி கேக்கறதும் அதுதான். அதனால தொட்டி எதுவா இருந்தாலும் உள்ள இருக்கற மண்ணு உங்க ஊர் மண்ணப் போல வடியணும். ரெசின்ல வைக்கலாம், சொல்லப்போனா சித்திரை வைகாசில மண் தொட்டி ஒரே நாள்ல காஞ்சு போற எடத்துல ரெசின் ஈரத்த காப்பாத்தும். 16 இஞ்சுக்கு குறையாம வாங்குங்க. ரெண்டு பங்கு செம்மண்ணு, ஒரு பங்கு மக்குன சாணி எரு, ஒரு பங்கு உமியோ ஒடைச்ச செங்கல் துண்டோ கலந்துக்குங்க, செங்கல் பட்டாணி சைஸ்ல இருக்கட்டும், பொடிய சலிச்சு எடுத்துருங்க. கார்த்திகை நடுவுல, அதாவது நவம்பர் கடைசி வாரம், முழங்கால் உயரத்துக்கு கவாத்து பண்ணி விட்டீங்கன்னா மாசி பங்குனில பூ தலைகொள்ளாம வரும்.

கடற்கரை மணல அள்ளிப் போடாதீங்கன்னு இதோட சேர்த்து சொல்லிக்கிறேன். நிறைய பேர் சும்மா கிடைக்குதேன்னு எடுத்துட்டு வர்றாங்க. உப்ப கழுவுனாலும் அதுல கெடக்கற கிளிஞ்சல் பொடி கழுவ முடியாது, அது சுண்ணாம்பு, மண்ணோட குணத்த மாத்தி இலை மஞ்சளாகும்.

கோகோபீட் கட்டி வாங்கி ஊறவச்சு அப்படியே தொட்டில போட்டேன், விதை முளைக்கவே இல்ல.
– பெரியபட்டினம் வாசகர்

தென்னை நார்க்கழிவுல இயல்பாவே உப்பு இருக்கும், மட்டைய உப்புத்தண்ணில ஊறப்போட்ட இடத்துல இருந்து வந்தா இன்னும் அதிகம். ஊறவச்ச தண்ணிய கீழ கொட்டிட்டு, பிழிஞ்சு, மறுபடி நல்ல தண்ணி ஊத்தி, மறுபடி பிழிஞ்சு, கடைசியா பிழியற தண்ணி கரிக்காத வரைக்கும் கழுவுங்க. போர் தண்ணில கழுவுனா பிரயோஜனம் இல்ல. தொட்டில மூணுல ஒரு பங்குக்கு மேல கோகோபீட் போடாதீங்க, ரெசின் ஏற்கனவே ஈரத்த பிடிச்சு வைக்கும், ரெண்டும் சேர்ந்தா மழைக்காலத்துல சேறாயிரும்.

தொட்டிக்கு கீழ தட்டு வைக்கணுமா? தண்ணி நின்னு கொசு வருதுன்னு வீட்டுல சத்தம்.
– ஏர்வாடி வாசகி

வெளிய இருக்கற தொட்டிக்கு தட்டு வேண்டவே வேண்டாம். வடிஞ்ச உப்புத்தண்ணி தட்டுல நின்னா மறுபடி மேல ஏறி மண்ணுக்குள்ளதான் போகும், வெளிய விட்டதுக்கே அர்த்தமில்ல. டெங்கு கொசுவும் அந்தத் தட்டுலதான் முட்டை வைக்கும், முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு காஞ்சு போனாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும், அதனால தண்ணிய கவுத்து விட்டா மட்டும் போதாது, வாரம் ஒரு தடவ நாரால தேய்ச்சுக் கழுவணும். தட்டுக்குப் பதிலா தொட்டிய ரெண்டு மூணு சென்டிமீட்டர் தூக்கி வைங்க, ஒடைஞ்ச டைல்ஸ் துண்டு மூணு போதும். தரையோட ஒட்டி உக்காந்த தொட்டில எத்தன ஓட்டை போட்டாலும் அது மூடுன ஓட்டைதான்.

ஊருக்குப் போற நாள்ல தண்ணி ஊத்த ஆள் இல்ல. அடியில தண்ணி தேக்கி வச்சு திரி வழியா தானா உறிஞ்சுற தொட்டி நல்லதா?
– மண்டபம் கேம்ப் வாசகி

தொழில்நுட்பம் நல்லதுதான், உங்க தண்ணிக்கு சரியாங்கறதுதான் கேள்வி. அந்தத் தொட்டில தண்ணி கீழ இருந்து மேல மட்டும்தான் போகும். அப்போ உப்பும் மேலதான் ஏறும், மேல் மண்ணுல வெள்ளையா பொடி பூத்து நிக்கும். மழைத்தண்ணியோ காவிரி தண்ணியோ நிரப்ப முடிஞ்சா வாங்குங்க, அப்பவும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ மேல இருந்து ஊத்தி கீழ இருக்கற தண்ணிய முழுசா கொட்டிட்டு புதுசா நிரப்பணும். சுவர்ல நிரம்பி வழியற ஓட்டை இருக்கான்னு பாத்து வாங்குங்க, அது இல்லாத தொட்டி ஐப்பசில ஒரே மழையில குளமாயிரும்.

மழை நேரத்துல தொட்டிய உள்ள எடுத்து வைக்கணுமா, இல்ல மேல ஷீட் போட்டு மூடவா? போன வருஷம் பாதி செடி அழுகிருச்சு.
– திருப்புல்லாணி வாசகர்

உள்ள எடுக்காதீங்க, மூடாதீங்க. நம்ம மாவட்டத்துக்கு வருஷத்துக்கு சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள வந்துரும். அந்த மூணு மாசத்துல 450 மில்லிமீட்டர் பெஞ்சா ஒரு 12 இஞ்ச் தொட்டி வாய்க்குள்ள மட்டும் 30 லிட்டருக்கு மேல உப்பே இல்லாத தண்ணி விழுது. வருஷம் பூரா சேத்த உப்ப சும்மா கழுவித் தர்ற மழைக்கு குடை பிடிக்கலாமா? உங்க செடி அழுகுனது மழையால இல்ல, மழை வெளிய போக வழி இல்லாததால.

புரட்டாசி கடைசில ஒரு நாள் ஒதுக்குங்க. தொட்டிய ஒவ்வொண்ணா சாய்ச்சு அடி ஓட்டையில ஒரு குச்சிய விட்டுப் பாருங்க, வேர் வந்து அடைச்சிருந்தா கத்தியால அறுத்து விடுங்க, பயப்படாதீங்க செடிக்கு ஒண்ணும் ஆகாது. மேல் மண்ணுல வெள்ளையா படிஞ்சிருந்தா மழை வர்றதுக்கு முன்னாடியே அரை இஞ்ச் சுரண்டி எடுத்துருங்க, இல்லைன்னா மொத மழையில அந்த உப்பு அப்படியே கரைஞ்சு வேருக்கு இறங்கும். தூக்கி வச்ச கல்லு அப்படியே இருக்கான்னு பாருங்க. மாடியில தண்ணி போற குழாய் வாய் சருகால அடைஞ்சிருக்கான்னும் பாருங்க, தொட்டி ஓட்டை திறந்திருந்து மாடிக்குழாய் அடைஞ்சிருந்தா ரெண்டும் சேர்ந்து தண்ணில நிக்கும். பிறகு மழை பெஞ்சு ஓஞ்ச இடைவெளில ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு கை மண்புழு உரம் போடுங்க, உப்போட சேர்ந்து சத்தும் கழுவிட்டுப் போயிருக்கும்.

மாடில 12 இஞ்ச் தொட்டி ஒண்ணு ஈரத்தோட 20, 25 கிலோ வரைக்கும் கனக்கும், 18 இஞ்ச்னா அதப்போல மூணு மடங்கு. பெருச எல்லாம் நடு மாடியில கூட்டமா வைக்காம சுவரு, பீம் போற ஓரமா பிரிச்சு வைங்க.

ரெசின் தொட்டி வாங்க வசதி இல்ல அக்கா. எங்க வீட்டுல பழைய மீன் பெட்டி கெடக்கு, தெர்மாகோல் ஐஸ் பெட்டியும் இருக்கு. கீரை போடலாமா?
– தேவிபட்டினம் வாசகி

மீன் பெட்டில தாராளமா போடுங்க தங்கச்சி. அந்தப் பிளாஸ்டிக் பெட்டி கடல் வெயிலுக்குன்னே செஞ்சது, கனமான சுவர், பக்கத்துல அடியில எல்லாம் ஓட்டை ஏற்கனவே இருக்கு, பல ரெசின் தொட்டிய விட இதோட வடிகால் மேல். நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவ கழுவி, வெயில்ல காயவச்சு, உள்ள பழைய அரிசிச்சாக்க விரிச்சு மண்ண நிரப்புங்க. சாக்கு இத்துப் போறதுக்குள்ள வேர் மண்ண பிடிச்சுக்கும். ஒரு பெட்டில தண்டங்கீரை, ஒரு பெட்டில பாலக். பாலக்குக்கு உப்பு கொஞ்சம் தாங்கும், அதோட சொந்தக்காரன் பீட்ரூட் இன்னும் தாங்கும், அதையும் ஒரு பெட்டில போட்டுப் பாருங்க.

தெர்மாகோல் பெட்டி வேண்டாம். வெயில்ல ஒரு வருஷத்துல முத்து முத்தா உதிரும், காத்து அத தூக்கிட்டுப் போய் நேரா கடல்ல போடும், மீனு அத தின்னும். இருக்கறத நிழல்ல நாத்து போடறதுக்கு மட்டும் வச்சுக்குங்க, அடியில ஓட்டை போட்டு, உதிர ஆரம்பிச்சதும் வெளிய பறக்க விடாம சாக்குல கட்டி குப்பை வண்டில குடுத்துருங்க. பெட்டிக்கு பெட்டி மண்ணு எவ்வளவு பிடிக்கும், என்ன விதை எந்த மாசத்துல போடலாம்னு எழுதிக் கேளுங்க, உங்க போர் தண்ணி டிடிஎஸ் எவ்வளவுன்னு பாத்து அதையும் சேர்த்து எழுதுங்க.